தரங்கம்பாடியை நடந்தே பார்க்க: விடியற்காலை முதல் பொழுது சாயும் வரை ஒரு முழு வழிகாட்டி

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேராகக் கோட்டை வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள். உள்ளே ஒரு சுற்று, கடலைப் பின்னால் வைத்து நாலு படம், அப்புறம் திருக்கடையூருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்கு அவர்கள் கொடுத்த நேரம் ஒரு மணி. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை இந்த ஊர்க் கதையின் நடுப்பகுதி. தொடக்கம் அதற்கு 300 ஆண்டு முந்தைய ஒரு பாண்டியர் கோயிலில் இருக்கிறது. தமிழுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதியோ கோட்டைக்கு வெளியே, ராஜ வீதியிலும் பக்கத்துப் பொறையாரிலும் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியைக் கோட்டையில் தொடங்கவில்லை. நான் சொல்லும் வரிசையில் நடந்தால் ஒரே நாளில் ஊர் முழுவதையும் பார்த்துவிடலாம்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மயிலாடுதுறை மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது. காவிரியின் கிளைகளில் ஒன்றான உப்பனாறு ஊரின் தெற்கே வந்து கடலில் சேர்கிறது. பழைய ஊர் மிகச் சிறியது. நகர வாயிலிலிருந்து கடலுக்கு நிதானமாக நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். அந்தச் சின்ன இடத்துக்குள் எழுநூறு ஆண்டு அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

கிளம்புவதற்கு முன்

மயிலாடுதுறை ரயில் சந்திப்பில் இறங்கினால் சுமார் 30 கிலோமீட்டர். பேருந்து அடிக்கடி உண்டு. ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் ஓடியது. 1926இல் தொடங்கிய அந்தப் பாதையை 1986இல் மூடிவிட்டார்கள். சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் பக்கமிருந்து கடற்கரைச் சாலை வழியாக வரும் பேருந்துகளும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். ஐப்பசி கார்த்திகையில் வந்தால் மழையில் மாட்டிக்கொள்வீர்கள். சித்திரை வெயிலில் ராஜ வீதியில் பகல் 12 மணிக்கு நடப்பது பெரியவர்களுக்கு முடியாத காரியம். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். முந்தின இரவே வந்து தங்குவது எல்லாவற்றையும்விட நல்லது. பழைய ஊருக்குள்ளேயே, பழைய வீடுகளைப் பழுதுபார்த்து நடத்தும் விடுதிகள் உண்டு. அது கட்டுப்படியாகாது என்றால் பொறையாரிலோ காரைக்காலிலோ தங்கி, விடியற்காலை முதல் பேருந்தைப் பிடியுங்கள். தொப்பியும் தண்ணீரும் மணலில் நடக்கத் தோதான செருப்பும் போதும்.

படி 1: விடியலில் மாசிலாமணிநாதர் கோயில்

ஆறு மணிக்கெல்லாம் கடற்கரையில் இருங்கள். கோட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டி நிற்கும் சிவன் கோயில்தான் ஊரில் இன்று நிற்கும் கட்டடங்களிலேயே பழையது. மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. இங்கே உள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிப்பிடுகிறது. 'பட்டினம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கடற்கரையில் வணிகம் நடக்கும் ஊருக்குத்தான் அந்தப் பெயர் வரும். அப்படியானால் டேனிஷ்காரர்கள் ஆளில்லாத மணல்மேட்டில் வந்து இறங்கவில்லை. மரக்கலம் வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு துறையைத் தேடித்தான் வந்தார்கள்.

ஊர்ப் பெயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'அலைகள் பாடும் ஊர்' என்று சுற்றுலாப் பலகைகளில் படித்திருப்பீர்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை, சரி. ஆனால் பாடி என்பது பாட்டிலிருந்து வந்ததல்ல. ஆயர்பாடி, வாணியம்பாடி என்கிறோமே, அந்தப் பாடிதான். மக்கள் குடியிருக்கும் இடம் என்று பொருள். அலைக்கரையில் இருக்கும் குடியிருப்பு என்று எடுத்துக்கொண்டாலே போதும், அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வெகுநாள் வரை, இடிந்த விமானமும் அலையில் கிடக்கும் செதுக்கிய கற்களுமாகத்தான் இது இருந்தது. அந்தக் காட்சியைப் பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். பிறகு திருப்பணி நடந்து, கடல் பக்கம் கருங்கல் பாறைகளைக் கொட்டி அரண் போட்டார்கள். இன்று கோயில் புதுச் சுதையும் வண்ணமுமாக நிற்கிறது. பழைய கல்லைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றால் அடித்தளத்தின் பக்கம் குனியுங்கள். உப்புக் காற்று அரித்து, எழுத்தும் சிற்பமும் மழுங்கி, கல்லின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உரிந்திருக்கும். கையை வைத்துச் சுரண்டாதீர்கள். மணல் மணலாக உதிர்ந்துவிடும்.

இந்தக் கரையில் நின்றுகொண்டு நினைத்துப் பாருங்கள்: ஊர் ஒரு காலத்தில் இன்னும் கிழக்கே நீண்டிருந்தது. கோயிலுக்கு முன்னால் நிலம் இருந்தது, கோட்டைக்கு முன்னாலும் இருந்தது. இப்போது அங்கே அலை அடிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்த ஊருக்குள் புகுந்து மீனவக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. கரையில் வலை உலர்த்தும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறவர்கள் அந்த நாளைப் பற்றி வலிந்து கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள்.

குளிக்க மட்டும் இறங்காதீர்கள். பாறைகளுக்கு நடுவே இழுப்பு அதிகம்.

படி 2: நகர வாயிலுக்குப் போய் அங்கிருந்து திரும்ப நடங்கள்

காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு மேற்கே, நகர வாயிலுக்குப் போங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய பெரிய வளைவு. மேலே டேனிஷ் அரச முத்திரை இருக்கும். இன்றும் பேருந்தில் வருகிறவர்கள் இதற்குள் நுழைந்துதான் ஊருக்குள் போகிறார்கள். இப்போது நாம் பார்ப்பது 1792இல் திரும்பக் கட்டியது. முதலில் வாயிலும் ஊரைச் சுற்றிய மதிலும் வந்தது 1660களில். அந்த மதில் ஏன் வந்தது என்பதில்தான் இந்த ஊரின் மிக விசித்திரமான கதை இருக்கிறது.

1640களில் டென்மார்க் ஐரோப்பியப் போர்களில் சிக்கிப் பணமில்லாமல் போனது. தரங்கம்பாடிக்குக் கப்பல் வருவது நின்றுவிட்டது. ஒரு வருடம் இரண்டு வருடம் என்றில்லை, கால் நூற்றாண்டுக்கும் மேல். கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். 1655இல் பொறுப்பு எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்பவரிடம் வந்து சேர்ந்தது. தாய்நாட்டிலிருந்து கடிதமோ சம்பளமோ ஆளோ எதுவும் கிடையாது. உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, கடலில் கப்பல்களைப் பிடித்து வருமானம் தேடி, தஞ்சை நாயக்கர் படை வந்தபோது தாக்குப்பிடித்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669இல் கடைசியில் ஒரு டேனிஷ் கப்பல் வந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. வாயிலின் அடியில் நின்று மதில் ஓடியிருந்த திசையைப் பார்க்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மனிதர்தான்.

மதில் இப்போது இல்லை. வாயிலின் இரண்டு பக்கமும் துண்டு துண்டாக ஏதோ கண்ணில் படும், அவ்வளவுதான்.

படி 3: ராஜ வீதி

வாயிலிலிருந்து நேர்க்கிழக்கே கடல் வரை ஓடுவது ராஜ வீதி, டேனிஷ்காரர்களின் கிங் ஸ்ட்ரீட். அதற்கு இணையாக ராணித் தெரு. இடையிலும் வடக்கிலுமாகக் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட், போஸ்ட் ஆபீஸ் ஸ்ட்ரீட், அட்மிரல் ஸ்ட்ரீட், மசூதித் தெரு. ஒரு சின்ன ஊருக்குள் தட்டார் தெருவும் கடற்படைத் தளபதி பெயரில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் அடுத்தடுத்து இருப்பதே இங்கே யார் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிடும். ராஜ வீதியோடு திரும்பிவிடாமல் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்டுக்குள் கட்டாயம் போங்கள். திண்ணையும் மரத்தூணும் சரிந்த ஓட்டுக்கூரையும் கொண்ட தமிழ் வீடுகள் அங்கே உண்டு. சுனாமிக்குப் பின், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அவற்றில் சிலவற்றைப் பழைய முறையிலேயே சரிசெய்தது. வெள்ளைத் தூண் வைத்த டேனிஷ் மாளிகைகளைப் பார்த்த கண்ணோடு இந்தத் திண்ணைகளைப் பார்த்தால்தான் ஊர் முழுதாக விளங்கும்.

ராஜ வீதியில் நிதானமாக நிற்க வேண்டிய இடம் புதிய எருசலேம் தேவாலயம். சிலுவை வடிவத்தில், குட்டையாக, பருத்த சுவர்களோடு இருக்கும். 1717இல் அடிக்கல் போட்டு, 1718 அக்டோபரில் திறந்தார்கள். முகப்பில் கிரீடத்தோடு பின்னிப் பிணைந்த எழுத்துக்களைத் தேடுங்கள். அது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை. கட்டியவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். கட்டி முடித்த நாலே மாதத்தில், 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்து இதற்குள்ளேயே அடக்கமானார்.

சீகன்பால்க் டேனிஷ்காரர் அல்ல, ஜெர்மனியின் சாக்சனியைச் சேர்ந்தவர். டென்மார்க் அரசர் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று ஹென்ரிக் புளூட்சோவோடு இங்கே வந்து இறங்கினார். மதம் பரப்ப வந்தவர்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தமிழ் கற்றுக்கொண்ட விதத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் இருப்பிடத்துக்கே பிள்ளைகளோடு வரச் சொல்லி, பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். அப்புறம் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708லேயே தம்மிடம் இருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதிவைத்தார். எந்தச் சுவடியில் என்ன இருக்கிறது என்று குறிப்போடு எழுதிய பட்டியல் அது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் என்ன படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்று அது நமக்கே உதவுகிறது.

உள்ளூர் டேனிஷ் அதிகாரிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1708 கடைசியில் அவரைக் கோட்டைக்குள் நான்கு மாதம் சிறை வைத்தார்கள். கோட்டைக்குப் போகும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்து சீயோன் தேவாலயம், 1701இல் திறந்தது. புதிய எருசலேமைவிடப் பழையது. இது ஐரோப்பியர்களுக்காகக் கட்டியது. அதனால்தான் தமிழ்ச் சபைக்கு என்று தனியாக ஒரு தேவாலயம் தேவைப்பட்டது. சீகன்பால்க் முதலில் 1707இல் கடலோரத்தில் கட்டிய எருசலேம் தேவாலயம் இப்போது இல்லை. இப்போது நிற்பதற்குப் 'புதிய' என்ற பெயர் வந்ததற்கு அதுவே காரணம். இரண்டு தேவாலயங்களிலும் வழிபாடு நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரத்தில் கேமராவோடு நுழையாதீர்கள். மற்ற நேரத்தில் பூட்டியிருந்தால் பக்கத்தில் கேட்டால் திறந்துவிடுவார்கள். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராயர் திருச்சியில் இருந்தாலும் 'தரங்கைப் பேராயர்' என்றுதான் அழைக்கப்படுகிறார். இந்தச் சின்ன ஊரின் பெயர் அந்தப் பதவியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வழியில் பெரிய தூண்களோடு நிற்கும் பழைய மாளிகைகளில் ஒன்று ரேலிங் வீடு. இப்போது கன்னியர் மடத்தின் பொறுப்பில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் போதும். இந்த வீடுகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அப்போது இங்கிலாந்தும் பிரான்சும் இந்தக் கடலில் மோதிக்கொண்டிருந்தன. டென்மார்க் எந்தப் பக்கமும் சேராமல் நின்றது. சண்டையில் சேராத கொடி பறக்கும் துறைமுகத்துக்கு எல்லோருடைய சரக்கும் வந்தது, பணமும் வந்தது. ராஜ வீதித் தூண்கள் அந்தப் பணத்தில் எழுந்தவை.

படி 4: பத்து மணிக்கு டான்ஸ்போர்க் கோட்டை

வீதி முடியும் இடத்தில் அணிவகுப்பு மைதானம், அதன் தெற்கே மஞ்சள் நிறக் கோட்டை. அருங்காட்சியகம் காலை 10 மணியை ஒட்டித் திறக்கும். கூட்டம் சேர்வதற்கு முன் உள்ளே போய்விடுங்கள்.

1616இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1618இல் ஓவே ஜெட்டே என்ற தளபதி கப்பல்களோடு கிளம்பினார். போக நினைத்தது தரங்கம்பாடிக்கு அல்ல, இலங்கைக்கு. போர்த்துகீசியருக்கு எதிராகக் கண்டி அரசருக்கு உதவி வேண்டும் என்று ஒருவர் டென்மார்க் அரசரிடம் பேசியிருந்தார். ஜெட்டே வந்து சேர்வதற்குள் கண்டியில் நிலைமை மாறிவிட்டது. திருகோணமலையில் கால் ஊன்றப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. இதற்கிடையில் முன்னால் வந்த ஒரு டேனிஷ் கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். பிழைத்துக் கரையேறிய சிலர் தஞ்சைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ரோலண்ட் கிராப்பேதான் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் பேசி இடம் கேட்டவர். 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 3111 ரூபாய் குத்தகை. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் நேராக மாடிக்கு ஓடாதீர்கள். முதலில் கீழ்த்தளம். நாற்புறமும் சுவரை ஒட்டிய சின்னச் சின்ன அறைகள். வீரர்களின் தங்குமிடம், சரக்குக் கிடங்கு, சமையல்கட்டு, சிறை எல்லாம் இந்தத் தளத்தில்தான் இருந்தன. மிளகும் துணியும் கட்டுக்கட்டாக அடுக்கிய இடம் இது. கடலைப் பார்த்த மையக் கட்டடத்தின் மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். மையக் கூடத்தின் கூரையைக் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். ஒட்டக முதுகு போல நாலு குவிமாடங்கள், அத்தனை பாரத்தையும் நடுவில் ஒரே ஒரு தூண் தாங்குகிறது. சுட்ட செங்கல், கருங்கல், சுண்ணாம்புக் காரை, இவைதான் மொத்தக் கட்டடமும். கோட்டையைச் சுற்றி ஒரு காலத்தில் அகழியும் தூக்குப்பாலமும் இருந்தன.

அருங்காட்சியகம் சின்னது, தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்துகிறது. பீங்கான், வாள், ஈட்டி, பழைய ஆவணங்கள், சிலைகள் எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால், காசுகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். டேனிஷ்காரர்கள் இங்கேயே நாணயச்சாலை வைத்து ஈயத்திலும் செம்பிலும் காசு அடித்தார்கள். விரல்நகம் அளவுதான் இருக்கும், விளிம்பு ஒழுங்காக இருக்காது. ஒரு பக்கம் டென்மார்க் அரசரின் எழுத்து. ஆனால் அதைக் கொடுத்து ஒரு பெண் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருப்பாள். தங்கத் தகட்டுக் கடிதத்தைவிட, கை பட்டுத் தேய்ந்த அந்த ஈயக் காசு எனக்கு இந்த ஊரை நெருக்கமாகக் காட்டுகிறது.

மாடியில் கடல் பக்கம் நின்று, ஐஸ்லாந்திலிருந்து வந்த யோன் ஓலாப்சன் என்ற பீரங்கி வீரரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டை கட்டி மூன்றே ஆண்டில், 1623இல் வந்தார். வெடிமருந்து விபத்தில் படுகாயப்பட்டு அடுத்த ஆண்டு திரும்பிப் போனார். முதுமையில் தன் வாழ்க்கையை எழுதிவைத்தார். பனி நாட்டு மனிதர் ஒருவர் இந்த வெயிலில் காவல் நின்று கண்டதெல்லாம் அதில் இருக்கிறது.

வெளியே வந்தால் எதிரில் டேனிஷ் கவர்னர் மாளிகை. உருக்குலைந்து கிடந்ததை டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு 2011 வாக்கில் மீட்டெடுத்தார்கள். பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் பெரிய பங்களா ஆங்கிலேயக் கலெக்டருடையது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சேரம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டது. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டக் கலெக்டர் இங்கிருந்துதான் ஆண்டார். பிறகு தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது, ரயிலும் துறைமுக வணிகமும் நாகப்பட்டினத்துக்குப் போயின. ஊர் அப்படியே நின்றுவிட்டது. பழைய தெருக்கள் இடிபடாமல் நமக்குக் கிடைத்ததற்கு அந்த வறுமையும் ஒரு காரணம்.

கடற்கரையில் சீகன்பால்க் வந்திறங்கியதற்கு 1906இல் வைத்த நினைவுக்கல்லும் இருக்கிறது. ஒரு நிமிடம் போதும்.

படி 5: மதியம், பொறையாரில் கடுதாசிப்பட்டறை

சாப்பாட்டை முடித்துவிட்டுப் பொறையார் போங்கள். ஆட்டோவிலோ பேருந்திலோ சில நிமிடம்தான். பயணிகள் யாருமே தேடிப் போகாத இடம் இது. தமிழ் படிக்கிறவர்கள் கட்டாயம் போக வேண்டிய இடமும் இதுதான்.

முதலில் ஒரு தவறைத் திருத்திக்கொள்வோம். இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில் தொடங்கியது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. கோவாவுக்கு 1556லேயே அச்சு இயந்திரம் வந்துவிட்டது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே ஒரு நூல் அச்சாகிவிட்டது. அந்த முயற்சி பிறகு அறுந்துபோயிற்று. தரங்கம்பாடியின் பெருமை வேறு: அறுந்த தமிழ் அச்சை மறுபடியும் தொடங்கி, எழுத்து வார்ப்பது, காகிதம் செய்வது எல்லாவற்றையும் இங்கேயே செய்து பார்த்தது.

லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவச் சங்கம் 1712இல் அச்சு இயந்திரம் அனுப்பியது. கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாடு முழுவதையும் அதில் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து அனுப்பியிருந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தார்கள்! அதனால்தான் 1714, 1715இல் அச்சான அந்தப் புதிய ஏற்பாட்டில் முன்பகுதி பெரிய எழுத்திலும் பின்பகுதி சின்ன எழுத்திலும் இருக்கிறது. அதன் பக்கங்கள் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன. வருவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். எழுத்து சட்டென்று சுருங்கும் இடத்தில் அந்த ஈய உறை தெரியும். இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சானதில்லை.

காகிதத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. 1715 வாக்கில் பொறையாரில் ஒரு காகித ஆலை வைத்தார்கள். ஆலை நெடுநாள் ஓடவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு ஊர் மக்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது: கடுதாசிப்பட்டறை. அங்கே போனால் பார்க்கப் பெரிய கட்டடம் எதுவும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆட்டோக்காரரிடம் "கடுதாசிப்பட்டறை போகணும் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். 300 ஆண்டுக்கு முன் மூடிய ஆலைக்கு அவர் கூட்டிப் போவார். பொறையாரில் 1746இல் எழுந்த பெத்லகேம் தேவாலயத்தையும் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

சீகன்பால்க் தொடங்கிய இந்த மிஷனின் பிற்காலத்து ஆட்கள் செடி கொடி, பூச்சி, பறவை என்று சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1768இல் இங்கே வந்த மருத்துவர் கோனிக், உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் நேரடியாகப் படித்தவர். செங்கல் நிற உடலும் கழுத்தில் கறுப்பு அரைவளையமும் கொண்ட ஒரு புறா நம் வயல்வெளிகளில் உண்டு. அதன் அறிவியல் பெயரில் 'டிராங்குபாரிக்கா' என்று இந்த ஊர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொறையார் சாலையோரக் கம்பிகளில் கண் வைத்துக்கொண்டே வாருங்கள்.

படி 6: தில்லையாடி

நேரமிருந்தால், இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், சில கிலோமீட்டரில் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் இது. காந்தி இந்தியா திரும்பியதும் 1915இல் இந்தக் கிராமத்தைத் தேடி வந்தார். வள்ளியம்மை நினைவு மண்டபம் இருக்கிறது. தரங்கம்பாடிக் கரையில் கடல் தாண்டி வந்தவர்களையே பார்த்துவிட்டு, இங்கே வரும்போதுதான் கடல் தாண்டிப் போன நம் ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

திருக்கடையூரும் பூம்புகாரும் பக்கம்தான். ஆனால் அவற்றை இந்த நாளில் திணிக்காதீர்கள். பூம்புகாருக்கு ஒரு நாள் தனியாக வேண்டும்.

படி 7: பொழுது சாய, உப்பனாற்று முகத்துவாரம்

ஐந்து மணிக்குத் தரங்கம்பாடிக்குத் திரும்பி, கோட்டையைக் கடந்து கரையோரமாகவே தெற்கே நடங்கள். ஆறு கடலில் கலக்கும் இடம் வரும். கோடையில் மணல் திட்டு வாயை அடைத்திருக்கும், மழைக்குப் பின் செம்மண் கலந்த தண்ணீர் அகலமாகப் போகும். ஆழம் தெரியாமல் கடக்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் கடக்கிற இடத்தில், அவர்களோடு மட்டும் இறங்கலாம்.

இங்கே இருந்து வடக்கே திரும்பிப் பாருங்கள். கோட்டை, கவர்னர் மாளிகை, பங்களா, கடைசியில் கோயில் எல்லாம் ஒரே வரிசையில் தெரியும். கப்பலில் வந்தவர்கள் முதலில் கண்ட காட்சி ஏறக்குறைய இதுதான். பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். துணிக்கட்டும் மிளகுமூட்டையும் கடிதமும் ஆட்களும், ஏன், அந்த அச்சு இயந்திரமும்கூட, அலையைத் தாண்டிக் கரை சேர்ந்தது இந்தக் கரையின் படகோட்டிகள் கையில்தான். அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுக்குப் பின்வந்தவர்கள் இதே நேரத்தில் பைபர் படகை மணலில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கூடச் சேர்ந்து கயிறு பிடிக்கக் கூப்பிட்டால் போய்ப் பிடியுங்கள். இருட்டியதும் நகர வாயிலுக்கு வந்தால் மயிலாடுதுறைக்குப் பேருந்து கிடைக்கும். கடைசி வண்டி எப்போது என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.